வேலையை விட்டுவிட்டு ஓவியம் வரைய வருகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். 2023 மார்ச்சில் அதை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சேலத்துக்கு வந்தேன். இப்போது ஓவியம்தான் முழுநேர வேலை. கலைக் கல்லூரியில் படித்ததில்லை. வரைந்து வரைந்து நானாகக் கற்றுக்கொண்டதுதான். "எனக்கும் விட்டுட்டு வந்துடணும்னு இருக்கு, எப்படிச் செய்தீங்க?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியம் கற்பதில் பட்ட சிரமத்தைவிட, வேலையை விட்ட விதத்தால் பட்ட சிரமம்தான் எனக்கு அதிகம். கடிதம் கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவை எல்லாம் கடிதத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டியவை. சம்பளச் சீட்டு இருக்கும்போது வங்கிக்காரர்கள் பேசும் தோரணை வேறு. அது நின்ற அடுத்த மாதம் பேசும் தோரணை வேறு.

1. ராஜினாமா கடிதத்துக்கு முன்: குறைந்தது ஆறு மாதம்

மருத்துவக் காப்பீட்டை முதலில் பாருங்கள். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் சில ஆண்டுகள் (இப்போதைய உச்சவரம்பு 3 ஆண்டு) காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பது எனக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. அந்தக் காலம் முழுக்க அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். வேலையை விடும் எண்ணம் மூன்று வருடம் கழித்துத்தான் என்றாலும் சொந்தப் பாலிசியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறவும் வழி உண்டு. விலகுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வீட்டில் 70 வயது நிறைந்தவர்கள் இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசின் இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் அட்டை கிடைக்கும்.

டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு என எதற்கெல்லாம் வருமானச் சான்று கேட்பார்களோ, அதையெல்லாம் வேலையில் இருக்கும்போதே முடியுங்கள். பர்சனல் லோன் இருந்தால் அதை அடைக்காமல் விலகவே வேண்டாம்.

அடுத்தது பெயர். நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் இது. எனக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தது. பான் கார்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் கடைசிப் பெயராக இருந்தது. பிஎஃப் கணக்கில் இனிஷியல் முன்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. இரண்டு முறை பிஎஃப் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. வேலையில் இருக்கும்போதே மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. பிஎஃப்பில் பெயர் திருத்துவதை ஜாயின்ட் டிக்ளரேஷன் என்பார்கள். பலருக்கு அதற்கு நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்படும். விலகிய பிறகு அந்த ஒப்புதலுக்காகக் கெஞ்ச வேண்டிவரும்.

கடைசியாக, உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். வேலையில் இருந்துகொண்டு வெளியே சம்பாதிக்கக் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். நோட்டீஸ் காலத்தில் உற்சாகத்தில் படம் விற்கத் தொடங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். வரைந்து சேர்த்து வையுங்கள், பிறகு விற்கலாம்.

2. எந்த மாதம் விலகுவது

மார்ச் 31 கடைசி நாளாக அமையும்படி பாருங்கள். அடுத்த நிதியாண்டில் சம்பளம் என்ற பேச்சே இருக்காது, வரிக் கணக்கு எளிதாகும். போனஸ் எந்த மாதம் வரும், வாங்கிய போனஸைத் திருப்பிக் கேட்கும் விதி இருக்கிறதா என்பதையும் பார்த்து, நோட்டீஸ் காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். 90 நாள் நோட்டீஸ் என்றால் டிசம்பர் கடைசியில் கடிதம் கொடுக்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்குச் சில மாதங்களே குறைவாக இருந்தால் பொறுத்திருங்கள். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்குக் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை உண்டு. நான் விலகியபோது இருந்த கணக்குப்படி, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்கினால் வருவது அந்தத் தொகை. எனக்கு அது ஒரு வருட வீட்டுச் செலவுக்கு ஆனது.

இன்னொரு நன்மையும் உண்டு. மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்ததும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி பூக்கும். தோட்டம் முழுக்க வெள்ளையாகி, சில நாளில் உதிர்ந்துவிடும். முதல் மாதத்திலேயே அதை உட்கார்ந்து வரைகிற வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும்.

3. கடைசி நாளுக்குள் கையில் வர வேண்டியவை

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு, கிராஜுவிட்டி விண்ணப்பத்தின் நகல், பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான ஃபார்ம் 16 பிறகுதான் வரும். அதை அனுப்ப உங்கள் சொந்த மின்னஞ்சலை எச்ஆரிடம் பதிவு செய்யுங்கள். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாள் மாலையே நின்றுவிடும். சம்பளச் சீட்டெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று மறுநாள் நினைவு வந்து பயனில்லை.

4. பிஎஃப் பணம்

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வேலையை விட்டாலும் வட்டி சேரும். விலகிய பிறகு சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு.

பழைய நிறுவனங்களின் பிஎஃப் கணக்குகள் தனித்தனியாகக் கிடந்தால் முதலில் ஒன்றாக மாற்றுங்கள். மொத்தச் சேவை ஐந்து வருடத்துக்குக் குறைவாகத் தெரிந்தால் எடுக்கும் தொகைக்கு வரி விழும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் டிடிஎஸ்ஸும் பிடிப்பார்கள். அடுத்து, நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பிஎஃப் போர்டலில் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாவிட்டால் முழுத் தொகைக்கான கிளெய்ம் நகராது. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் நீங்களே அதை ஏற்றலாம்.

முழுத் தொகைக்கு ஃபார்ம் 19, பென்ஷன் பகுதிக்கு ஃபார்ம் 10சி. பத்து வருடச் சேவை முடிந்திருந்தால் பென்ஷன் பணத்தை எடுக்க முடியாது. அதே 10சி மூலம் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 58 வயதில் அதுதான் உங்கள் பென்ஷன். நான் விலகியபோது முழுத் தொகைக்கு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும். 2025 அக்டோபரில் அதை 12 மாதமாக்கவும், கணக்கில் 25 சதவீதத்தை இருப்பாக வைக்கவும் பிஎஃப் அறங்காவலர் குழு முடிவெடுத்திருக்கிறது. ஆகவே இந்தப் பணத்தை முதல் வருடச் சாப்பாட்டுச் செலவுக்கு நம்பி இறங்காதீர்கள்.

5. எவ்வளவு பணம் இருந்தால் இறங்கலாம்

கடிதம் கொடுத்த வாரம் அம்மா கேட்டது இது: "ஏங்கண்ணு, படம் வித்தா மாசாமாசம் வருமா?" வராது. அதை நான் அம்மாவிடம் மறைக்கவில்லை. ஒரு நோட்டில் மாதச் செலவை எழுதி, வங்கி இருப்பை அதால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று காட்டினேன். நீங்களும் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அம்மா அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

சேலத்தில் வாடகை இல்லாமல் எங்கள் வீட்டுச் செலவு மாதம் 32,000 ரூபாய். 24 மாதத்துக்கு வைத்துக்கொண்டு இறங்கினேன். முதல் வருடம் என் மொத்த வரவு 1,34,000 ரூபாய். அதில் 80,000 ரூபாய்க்கு மேல் வார இறுதியில் குழந்தைகளுக்கு எடுத்த வகுப்பில் வந்தது; படம் விற்றது மீதிதான். அதே வருடம் வண்ணம், காகிதம், கேன்வாஸுக்கு 46,000 ரூபாயும் படச் சட்டத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, 28,000 ரூபாயும் செலவானது. சட்டச் செலவை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் அதைத் தனியாக ஒதுக்குங்கள்.

18 மாதத்துக்குக் குறைவான பணத்தோடு வரவே வேண்டாம் என்பது என் கருத்து. பணம் தீரும் பயத்தில் வரைகிற படத்தில் கை நடுங்குவது தெரியும்.

6. என்ன வாங்குவது, எப்படிக் கற்பது

முதல் மாதம் 48 வண்ண செட்டும் பெரிய ஈசலும் வாங்கினேன். வண்ணத்தில் பாதி இன்னும் திறக்கப்படவில்லை. ஐந்தாறு ட்யூப் போதும். ஆனால் ட்யூபின் பின்பக்கம் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அல்ட்ராமரின் நீலம் என்றால் பிபி 29, நல்ல ரோஜா நிறத்துக்குப் பிவி 19. இவை வெயிலைத் தாங்கும். அலிசரின் கிரிம்சன் எனப்படும் பிஆர் 83 தாங்காது.

இதை நான் கற்ற விதம் வேதனையானது. செம்பருத்தி ஒன்றை அந்தக் கிரிம்சனில் வரைந்து விற்றேன். வாங்கியவர் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தார். எட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது இலைகள் அப்படியே இருந்தன. பூ மட்டும் பழைய துணி போல வெளிறிக் கிடந்தது. புதிதாக ஒன்று வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு வண்ணத்தையும் காகிதப் பட்டையில் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மார்ச் முதல் மே வரை ஜன்னலில் ஒட்டிவைக்கிறேன். சேலத்து வெயில் இலவசமாகச் செய்து தரும் பரிசோதனை இது. வெளிறுகிற வண்ணத்தை விற்பனைப் படத்தில் தொடாதீர்கள்.

நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் எடையுள்ள பருத்திக் காகிதம் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மலிவான காகிதத்தில் வண்ணம் சொன்னபடி கேட்காதபோது, கை சரியில்லை என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். நான் அப்படி நான்கு மாதம் இழந்தேன். ஏப்ரல், மே மாதங்களில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். ஈரத் துணியின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதன்மேல் வண்ணத்தைப் பிதுக்கி வேலை செய்யுங்கள்.

கற்பதற்கு என்னிடம் உள்ள ஒரே வழி, அலுவலகம் போலவே நேரம் வைத்துக்கொள்வது. காலை 6 முதல் 9 வரை கோட்டுப் பயிற்சி. முதல் ஆறு மாதம் வண்ணத்தைவிட வெளிச்சம், நிழல் இரண்டையும் பென்சிலில் பிரிக்கப் பழகுங்கள். இதற்குச் சேலம் நல்ல ஊர். செவ்வாய்பேட்டைத் தெருக்களில் காலை வெயில் சாய்வாக விழும். மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் குவியல்களில் நிழல் நீலமாகத் தெரியும். புகைப்படத்தைப் பார்த்து வரைவதானால் நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும். அடுத்தவர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்து விற்றால் பதிப்புரிமைச் சிக்கல் வரும்.

7. மலையில் வரையப் போகிறவர்களுக்கு

ஏற்காட்டில் உடனே வீடு எடுக்காதீர்கள். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், 20 கொண்டை ஊசி வளைவு. முதல் பஸ்ஸில் ஏறினால் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். ஒரு வருடம் இப்படிப் போய்வந்த பிறகு முடிவெடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் வளைவுகளில் வண்டிகள் நகராது. அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

காபித் தோட்டங்கள் தனியார் நிலம். வேலிக்குள் போகுமுன் தோட்டத்து மேஸ்திரியிடம் கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் எல்லாம் உட்கார விட்டார்கள், சிலர் டீயும் கொடுத்தார்கள். காப்புக் காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

ஈரம்தான் மலையின் பெரிய தொல்லை. பனிமூட்டத்தில் ஒரு பூச்சு காய அரைமணி நேரம்கூட ஆகும். கையில் மூன்று தாள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வேலை செய்யுங்கள். முதல் வருடம் அக்டோபர் மழையில் ஒரு கட்டுக் காகிதத்தை ஏற்காடு மலையிலுள்ள நாகலூரில் நண்பர் வீட்டு அலமாரியில் விட்டு வந்தேன். டிசம்பரில் எடுத்தபோது வெளியே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் பூசியதும் தாளெங்கும் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளி எழுந்தது. பூஞ்சை. இருபது தாளும் வீண். அன்றிலிருந்து காகிதம் மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடுதான் மேலே போகிறது. மாலையே கீழே வந்துவிடுகிறது.

8. சட்டம் போடுவது

நம் ஊர்க் கடைகளில் சாமி படத்துக்குச் சட்டம் போட்டுப் பழக்கம். கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். நீர்வண்ணப் படத்துக்கு அது ஆகாது, ஈரம் கோத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நடுவே அமிலம் இல்லாத மவுன்ட் அட்டை வேண்டும் என்று சொல்லி, கூடவே நின்று செய்து வாங்குங்கள். பின்பக்கத்தை டேப்பால் முழுதும் மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இராமபாணப் பூச்சி நுழையும்.

9. விலை, பில், வரி

விலையைச் சதுர அங்குலக் கணக்கில் வையுங்கள். 12க்கு 16 அங்குலம் என்றால் 192 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 15 ரூபாய் என்றால் 2,880. சட்டத்துக்கு 900 சேர்த்தால் 3,780. உறவினருக்கும் அதே விலை, ஊராருக்கும் அதே விலை. குறைத்துக் கேட்டால் சிறிய படத்தைக் காட்டுங்கள், விலையைத் தொடாதீர்கள்.

முதல் படத்திலிருந்தே எண் போட்ட பில் கொடுங்கள்: படத்தின் பெயர், அளவு, ஊடகம், தொகை. ஓவியப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும் போதும். அதே போலத் தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் கட்டணம் கேட்கும், gov.in என்று முடியும் அரசுத் தளமா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வகுப்பும் எடுத்தால் வரம்பு 20 லட்சம். கையால் வரைந்த ஓவியத்துக்கான வரி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வெளிமாநிலத்துக்கு விற்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு, அனுப்புமுன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். வருமான வரியில், ஓவிய வருமானம் வந்த ஆண்டுக்கு சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது. முதல் இரண்டு வருடமாவது ஆடிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமையில் ஒரு பொறி இருக்கிறது. நீங்களாக வரைந்து விற்ற படத்தின் பதிப்புரிமை, எழுதிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்தான் முதல் உரிமையாளர். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அச்சடித்து விற்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் வாங்கும்போதே "பதிப்புரிமை ஓவியருடையது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் பாதி, திருத்தம் இரண்டு முறைதான். இதையும் அதே தாளில் எழுதுங்கள்.

10. ஏமாற்றுகிறவர்கள்

படங்களை வெளியிட்ட முதல் மாதமே வருவார்கள். "மனைவியின் பிறந்தநாளுக்கு மூன்று படம் வேண்டும், கூடுதலாகப் பணம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐயில் பின் எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கத்தான். வெளிநாட்டுக் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டீர்கள், இடக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வருவதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத இடம் உங்களை எப்படித் தேர்ந்தெடுக்கும்?

11. காட்சிக்கு அனுப்புவது

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையம் இருக்கிறது. அங்கே காட்சிக்கூடம் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று நாலு பேர் சேர்ந்து எடுத்தால் செலவு தாங்கும். சேலத்திலேயே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் உள்ளது. மாவட்டக் கலை மன்ற விருதுகள் ஓவியருக்கும் உண்டு, வயதுவாரியாகக் கொடுப்பார்கள்: 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி. விண்ணப்ப அறிவிப்பு நாளிதழில் சின்னதாக வரும். செய்தித்தாள் நறுக்கு, கண்காட்சி அழைப்பிதழ், சான்றிதழ் எதையும் தூக்கிப்போடாமல் ஒரு கோப்பில் சேருங்கள்.

தனியார் காட்சிக்கூடங்கள் பொதுவாக விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும். படத்தை ஒப்படைக்கும்போது பட்டியல், விலை, பங்கு, திருப்பித் தரும் தேதி, சேதமானால் யார் பொறுப்பு என எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி வாங்காமல் கொடுத்த என் இரண்டு படங்கள் பதினான்கு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தன, ஒன்றின் மூலை நசுங்கி.

கேன்வாஸைச் சுருட்டி அனுப்புவதானால் நன்றாகக் காய்ந்த படமாக இருக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் நான்கு அங்குலப் பிவிசி பைப்பை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி பட்டர் பேப்பர் வைத்துச் சுருட்டுங்கள். உள்ளே வைத்தால் வண்ணம் நெருங்கி வெடிக்கும். சுருட்டுவதற்கு முன் பின்பக்கத்தில் படத்தின் பெயர், அளவு, ஆண்டு, உங்கள் கைபேசி எண் நான்கையும் எழுதி, கைபேசியில் ஒரு புகைப்படம் எடுத்துவிட்டுப் பைப்பை மூடுங்கள்.